சிவப்புக் கோடு வரைக்கும்

தாணுமாலையனுக்கு வீட்டில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் மனைவி உலகம்மாளுக்கு இன்சுலின் ஊசி போடுவது. மற்றபடி தன் வேட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் சொந்த வீட்டில் ஃபியூஸ் போனால் உலகம்மாள்தான் ஸ்டூல் போட்டு ஏறுவாள்.

ஊசி விஷயத்தில் மட்டும் மனிதர் வேறு ஆள். கண்ணாடி சிரிஞ்சைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொதிக்க வைப்பார். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். மருந்தை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. உலகம்மாள் கையை நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் ஊசியைப் பார்த்ததில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பாளையங்கோட்டையில் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அனுராதா, அம்மாவுக்கே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள் என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். அவளுக்கு ஊசி என்றாலே பயம் டாக்டர் என்பார் இவர். உலகம்மாளை யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் வந்த தேளைத் துடைப்பத்தால் அடித்து வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றுகிறவள் அவள். அவளுக்கா பயம்? ஆனால் வீட்டுக்காரர் பயம் என்று சொல்லிவிட்டால் பயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இதில் தாணுமாலையனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக் கல்யாணம் என்றாலும் உலகம்மாள் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். போகாதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "காலையில ஊசிக்கு வந்துருவேல்லா?" என்று மட்டும் கேட்பார்.

தொண்ணூற்றாறில் மகள் சித்ரலேகாவுக்குப் பிரசவம் என்று ஹூஸ்டனிலிருந்து செய்தி வந்தது. இரண்டு பேரும் மெட்ராஸ் போய் விசாவுக்கு நின்றார்கள். உள்ளே இருந்த வெள்ளைக்காரன் உலகம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு விசா கொடுத்தான். தாணுமாலையனிடம் நிறையக் கேள்வி கேட்டு இல்லை என்று சொன்னான். வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். "அப்பம் நானும் போகல" என்றாள் உலகம்மாள். போகச் சொல்லாமல் வேறு வழியில்லாததால், போ என்று சொன்னார்.

இனி ஊசி போடக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். ஒரு மாசமாவது ஆகும் என்று, குத்திப் பழகச் சாத்துக்குடிப் பழங்கள் வாங்கி வந்தார். உலகம்மாள் இரண்டாம் நாளே பழத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் தொடையில் போட்டுக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி தாணுமாலையனுக்குச் சுருக்கென்று தைத்தது.

மாடியில் குடியிருந்த பெண்ணிடம் நகப்பாலீஷ் வாங்கி, சிரிஞ்சில் அவள் அளவுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். உலகம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த நம்பரெல்லாம் என்னது?"

"அது ஒனக்கு எதுக்கு? சிவப்புக் கோடு வரைக்கும் இழு, போடு. நம்பரைப் பாத்துக் குழம்பாத."

அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அவள். பால்கணக்கு, சீட்டுக்கணக்கு எல்லாம் மனசிலேயே ஓட்டுகிறவள். சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்திருப்பாள். வாழ்நாள் முழுக்க மீட்டரில் எண் பார்த்தே சம்பளம் வாங்கிய மனிதருக்கு அது தெரியாதா? தெரியும். அவள் நல்லதுக்குத்தான் சுருக்கிச் சொல்கிறோம் என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் தன் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு. அது அவருக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மருந்து முழுவதையும் கைப்பையிலேயே கொண்டுபோகச் சொன்னார் டாக்டர் அனுராதா. விமானத்துக்கு அடியில் போகிற பெட்டியில் வைத்தால் குளிரில் கெட்டுவிடும் என்று காரணமும் சொன்னார். ஊசி கொண்டுபோக ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். தாணுமாலையன் தலையாட்டிவிட்டு வந்து தன் இஷ்டத்துக்குச் செய்தார். ஒரு பை நிறைய ஊசியும் மருந்துமாக ஒற்றைப் பொம்பளை போனால் விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொள்வான் என்பது அவர் கட்சி. ஒரு குப்பியையும் சிரிஞ்சையும் மட்டும் கைப்பையில் வைத்தார். மிச்சக் குப்பிகள் எல்லாம் பெரிய பெட்டியில், மோர் மிளகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே போயின. போதாததற்கு அவள் கையில் இரண்டாவது வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டார். அது நம்ம ஊர் நேரம் காட்டும். எந்த நாட்டில் இருந்தாலும் அதில் ஏழு மணி ஆனால் ஊசி போட வேண்டும் என்பது உத்தரவு.

போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் போனிலேயே தெரிந்தது, அவள் அந்த வாட்சைப் பார்க்கவில்லை என்று. "ப்ளேன்ல ஏழு மணிக்குச் சாப்பாடு வருமோ வராதோன்னு இருந்துது. மருந்தைப் போட்டுட்டு வயிறு காஞ்சா மயக்கம் வந்துரும்லா. சாப்பாட்டு வண்டி பக்கத்துல வந்த பொறவு எந்திரிச்சுப் போயி, அங்கன இருந்த கக்கூசுக்குள்ள நின்னு போட்டுக்கிட்டேன்" என்று சொன்னாள். டாக்டர் கேட்டிருந்தால் அவளைத் தட்டிக்கொடுத்திருப்பார். தாணுமாலையன், சொன்னதைக் கேட்கத் தெரியாதா என்று கடிந்துகொண்டார். மறுமுனையில் அவள் சிரித்தது கேட்டது. போனை வைத்த பிறகு, அவள் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற நிம்மதியோடு ஒரு சிறு வருத்தமும் இருப்பதை அவர் கண்டுகொண்டார். கண்டுகொண்டு, காணாததுபோல் இருந்துவிட்டார்.

வாரம் ஒரு தடவை, இங்கே திங்கட்கிழமை காலையில், போன் வரும். அங்கே அப்போது ஞாயிறு ராத்திரி. அவர் வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது; வந்தால் பேசலாம். சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து வந்தது. காலையில் கை தன்போக்கில் அந்த எவர்சில்வர் கிண்ணத்தைத் தேடும்.

சில வாரங்கள் கழிந்து ஒரு திங்கட்கிழமை, கைப்பையில் போன குப்பி தீர்ந்துவிட்டது என்று உலகம்மாள் சொன்னாள். பெட்டியில் போன குப்பிகளை எடுத்துப் பார்த்தால், பால் திரிந்த மாதிரி உள்ளே கட்டி கட்டியாக நிற்கிறதாம். எவ்வளவு உருட்டினாலும் கரையவில்லையாம். மாப்பிள்ளை குமரவேல் அதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, அங்கேயே கடையில் புது மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டானாம். டாக்டர் சொன்ன குளிர் தாணுமாலையனுக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாளோ என்ற எரிச்சலும் கூடவே வந்தது. அவள் கேட்டது வேறு.

"இந்தக் குப்பியில நூறுன்னு போட்டிருக்கு. நம்ம குப்பியில நாப்பதுன்னு இருந்துச்சு. சிரிஞ்சிலயும் நாப்பதுன்னுதான் இருக்கு. இதுக்கும் அதே கோடுதானா?"

தாணுமாலையனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பது அந்த நிமிஷமே அவர் மனசின் ஓரத்தில் பட்டது. பட்டதனால்தான் கோபம் வந்தது.

"நம்பரைப் பாக்காதன்னு சொன்னேம்லா? மருந்தை எங்க வாங்குனா என்ன? அதே கோடுதான்."

"சரி" என்றாள் உலகம்மாள். பிறகு மகளின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு அந்த வாரம் அதிகாலையிலேயே ஆபீஸ் என்றும், புது மருந்தை விடிந்ததும் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் அனுராதாவிடம் போனார். போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அமெரிக்காவில் இருக்கிறவளுக்கு இங்கே இருந்தபடியே போனில் எப்படி வழி சொல்கிறேன் பாருங்கள் என்று பெருமையாக எடுத்துவிட்டார். டாக்டர் அவர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமலே நிறுத்தினார்.

"குப்பியில நூறுன்னு சொன்னாங்களா சார்?"

"ஆமா."

"உங்க சிரிஞ்சு நாப்பதுக்கு உள்ளது. அந்த ஊர் மருந்து ரெண்டரை மடங்கு வீரியம். அதே கோட்டுக்கு இழுத்தா உள்ள போறதும் ரெண்டரை மடங்கு. சீனி ஒரேயடியா இறங்கிரும். அவங்க எப்பம் போடுவாங்க?"

விடிந்ததும் என்றார். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே இப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

தாணுமாலையன் கையில் பட்டையோடு எழுந்துவிட்டார். டாக்டரே அதைப் பிடித்துக் கழற்றி அனுப்பினார். தெருமுனையில் பாக்கியசீலனின் டெலிபோன் பூத். அங்கே ஒருவர் பம்பாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டி அவரை வெளியே இழுத்துவிட்டார் தாணுமாலையன். என்றும் யாரிடமும் குரல் உயர்த்தாத பெரிய மனிதர் என்பதால் அவரும் பேசாமல் வந்துவிட்டார். பாக்கியசீலன் எண்களைச் சுழற்றினார். கிடைக்கவில்லை. மறுபடியும் சுழற்றினார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சித்ரலேகாவின் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்லி முடிய, ஒரு கூவல் சத்தம் கேட்டது. வீட்டில் ஆள் இல்லாதபோது பேச்சைப் பிடித்து வைக்கிற மெஷின் அது.

தாணுமாலையன் மெஷினிடம் பேசினார். "உலகு, போடாத. அந்தக் கோடு தப்பு. கோட்டைப் பாக்காத, நம்பரைப் பாரு. உலகு, நான் சொல்லுதது கேக்குதா? நம்பரைப் பாரு." அது அவர் பேச்சைப் பாதியில் வெட்டியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே மகள் குரல், அதே கூவல். பூத்துக்கு வெளியே நின்ற பம்பாய்க்காரர், தம் வேலையை மறந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் போன் வந்தது. குமரவேல்தான் பேசினான். உலகம்மாள் ஊசி போட்டுக்கொண்டு, இட்லிச் சட்டியை அடுப்பில் வைக்கும்போதே கீழே விழுந்திருக்கிறாள். நிறைமாத வயிற்றோடு சித்ரலேகா வந்து பார்த்தபோது புடவையெல்லாம் வேர்வையில் நனைந்து, கூப்பிட்டதற்குப் பேச்சில்லையாம். ஈறில் சீனியைத் தேய்த்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அத்தை நன்றாகப் பேசுகிறாள், பயம் ஒன்றும் இல்லை என்றான். அந்த அதிர்ச்சியில் சித்ரலேகாவுக்கு வலி கண்டு, அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம்.

குமரவேல் நிறுத்தவில்லை.

"இப்படிப் போடச் சொல்லி யாரு சொன்னதுன்னு டாக்டர் கேட்டாங்க மாமா. 'யாரும் சொல்லல, எனக்குத்தான் நம்பர் பாக்கத் தெரியல'ன்னு அத்தை சொல்லிட்டாங்க. பொறவு வீட்டுக்கு வந்து உங்க மெசேஜைக் கேட்டேன். நீங்க அங்கன இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒரு அரைமணி நேரம் முந்தி வந்திருந்தா எல்லாம் தப்பியிருக்கும்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தாணுமாலையன் வாயைத் திறந்தார். நான்தான் சொன்னேன் என்பதில் மூன்று வார்த்தைகூட இல்லை. வாயிலிருந்து வந்தது, பிள்ளை யார் ஜாடை என்ற கேள்வி.

அதன்பிறகு அவர் பட்ட பாட்டை அவரே அறிவார். மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கேட்டாள், நான் தடுத்தேன் என்பது பல் தேய்க்கும்போதும், பேப்பர் படிக்கும்போதும் வந்து நின்றது. அவள் நம்பர் பார்க்கத் தெரியாதவளாம். பார்த்தவள் அவள் ஒருத்திதான். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய், வெள்ளம் வடிந்த சேறு காயாத படியில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதும் கொஞ்சம் லேசாக இருந்தது. முருகன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை என்பதனால்தான் லேசாக இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. பழைய பாரம் திரும்ப ஏறிக்கொண்டது.

வாராவாரம் போன் வந்தது. உலகம்மாள் பேத்தியைப் பற்றியே பேசினாள். அந்த நாளை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நேரில் வரட்டும், அவளிடம் முதலில் சொல்லிக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டார். அவளுக்கு எதைச் சொல்வது? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

தை பிறந்து உலகம்மாள் திரும்பி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், நடையில் ஒரு வேகம் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை. தாணுமாலையன் விடியுமுன்னே எழுந்து கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அவள் பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். சிவப்புக் கோடு இல்லை. பிளேடால் சுத்தமாகச் சுரண்டியிருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். உலகம்மாள் குளித்துவிட்டு வந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கொதிக்கப் போட்டாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குப்பியை உருட்டினாள். குப்பியில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தாள். சிரிஞ்சில் உள்ள எண்ணைப் பார்த்தாள். ஊசியை இன்னும் குப்பியில் குத்தவில்லை, போன் அடித்தது.

அவர்தான் எடுத்தார். குமரவேல், அத்தை சௌக்கியமாக வந்து சேர்ந்தாளா என்று விசாரித்தான். "மாமா, ஒன்னு சொல்லணும். இனிமே ஊசியை அத்தை கையில விட்டுராதீங்க. சித்ரா இன்னும் அதையே நெனச்சுப் பயப்படுதா. நீங்களே போட்டு விடுங்க. நீங்கதான போடுதீங்க?"

தாணுமாலையன் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் ஒரு கையில் குப்பியும் ஒரு கையில் சிரிஞ்சுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது, சொல்வதற்கு வாய் இருக்கிறது, நாலு மாசமாகத் தேடிய சமயமும் இதோ இருக்கிறது.

"ஆமா மாப்பிள்ளை" என்றார். "நான்தான் போட்டு விடுதேன். அவ கையில கொடுக்கல."

போனை வைத்தார். சரியாக இருந்த அதன் வயரை மறுபடி சரிசெய்தார்.

"அப்பம் வந்து போடுங்க" என்றாள் உலகம்மாள். குரலில் கோபம் இல்லை. "மாப்பிள்ளைகிட்ட சொன்னது பொய்யாப் போயிரக் கூடாதுல்லா."

குப்பியையும் சிரிஞ்சையும் மேஜையில் அவர் பக்கமாக நகர்த்திவிட்டு, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் கையை நீட்டினாள். தாணுமாலையன் வந்து உட்கார்ந்தார். குப்பியில் ஊசியை இறக்கி இழுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கோடுகள் ஒரு நிலையில் நிற்கவில்லை. கை நடுங்கியது. அவள் பார்த்துவிடுவாளே என்று சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தார். உலகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைய" என்றாள். "நம்பரைப் பாத்து இழுங்க."